ஆப்பிரிக்காவின் இணையவழிப் பட்டதாரிகள்

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில், கல்லூரி வயதில் இருப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் உயர்கல்விக்குள் காலடி வைக்கிறார். உலகச் சராசரி நூற்றுக்கு நாற்பது. படிக்கும் ஆர்வம் குறைவு என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. நைஜீரியாவில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது நுழைவுத்தேர்வை ஆண்டுதோறும் 15 முதல் 20 லட்சம் பேர் எழுதுகிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோருக்கு இடம் கிடைப்பதில்லை. இந்த நிலப்பரப்பின் மக்களில் பாதிப்பேர் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள். கட்டடம் கட்டி, பேராசிரியர்களை உருவாக்கி, விடுதி அமைத்து இத்தனை பேருக்கும் இடம் தருவதென்றால் அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இணையவழிக் கல்வியை, அதிலும் குறிப்பாகக் கணினித் தொழில்நுட்பப் பயிற்சியை, அரசுகளும் தனியாரும் கையில் எடுத்தது இந்த நெருக்கடியினால்தான்.

தொலைவிலிருந்து படிப்பது ஆப்பிரிக்காவுக்குப் புதிதல்ல. இன்றைய தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் 1873-இல் தேர்வு நடத்தும் அமைப்பாகத் தொடங்கியது. 1946 முதல் அஞ்சல்வழியாகப் பாடம் நடத்தி வருகிறது. யூனிசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதில் இப்போது 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். ஃபோர்ட் ஹேர் கல்லூரியிலிருந்து போராட்டத்தின் காரணமாக வெளியேற நேர்ந்த நெல்சன் மண்டேலா, தன் முதல் பட்டத்தை முடித்தது யூனிசா வழியாகத்தான். ராபன் தீவுச் சிறையில் அடைபட்டிருந்த அரசியல் கைதிகள் பலரும் இதே பல்கலைக்கழகத்தின் அஞ்சல் பாடங்களைப் படித்தார்கள். பாடப்புத்தகமும் கட்டுரைப் பயிற்சியும் தபாலில் போய்வந்த அந்தக் காலத்திலேயே, தொலைநிலைக் கல்வியின் பலமும் பலவீனமும் வெளிப்பட்டுவிட்டன. விடாப்பிடியாகப் படிப்பவர் எங்கிருந்தாலும் கரையேறிவிடுவார். துணைக்கு ஆள் வேண்டியிருப்பவர் பாதிவழியில் நின்றுவிடுவார்.

1997-இல் உலக வங்கி ஆப்பிரிக்க மெய்நிகர் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது, தபால்காரரின் இடத்துக்குச் செயற்கைக்கோள் வந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடத்தப்பட்ட வகுப்புகள் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் அமைக்கப்பட்ட கற்றல் மையங்களுக்கு ஒளிபரப்பப்பட்டன. பின்னர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் கணினி அறிவியல், வணிகவியல் பட்டப்படிப்புகளும் இந்த வழியில் வந்தன. செயற்கைக்கோள் இணைப்புக்குச் செலவு அதிகம். பாடங்களும் வேறொரு நாட்டு மாணவருக்காக எழுதப்பட்டவை. 2002-இல் தலைமையகம் வாஷிங்டனிலிருந்து நைரோபிக்கு மாறியது. அடுத்த ஆண்டே அது ஆப்பிரிக்க அரசுகள் கூட்டாக நடத்தும் அமைப்பாயிற்று. அதன்பின் கணிதம், அறிவியல், கணினிப் பாடங்களை ஆப்பிரிக்கப் பேராசிரியர்களே ஆங்கிலம், பிரெஞ்சு, போர்ச்சுகீசியம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். அந்த நிறுவனம் செய்தவற்றில் நீடித்த பயன் தந்தது, செயற்கைக்கோள் ஒளிபரப்பைவிட இந்தப் பாடங்கள்தான்.

இந்தியாவும் இதே பாதையில் வந்தது. 2004 செப்டம்பரில் ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், ஆப்பிரிக்க நாடுகள் அனைத்தையும் செயற்கைக்கோளாலும் கண்ணாடியிழைக் கேபிளாலும் இணைத்துக் கல்வியும் மருத்துவமும் வழங்கும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். 2009-இல் அது முறைப்படி தொடங்கியது. பாடம் நடத்திய இந்தியப் பல்கலைக்கழகங்களில் சென்னைப் பல்கலைக்கழகமும் ஒன்று. 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இதில் படித்ததாக இந்திய அரசு கணக்குச் சொல்கிறது. செயற்கைக்கோள் பாணி பழையதாகிவிடவே, 2019-இல் அதற்குப் பதிலாக முழுக்க இணையத்தில் இயங்கும் வித்யாபாரதி திட்டம் வந்தது. ஐந்தாண்டுகளில் 15 ஆயிரம் ஆப்பிரிக்க மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் படிப்பு என்பது அதன் இலக்கு. 2023-இல் சென்னை ஐ.ஐ.டி. தான்சானியாவின் ஜான்சிபார் தீவில் தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவுப் படிப்புகளுடன் ஒரு வளாகத்தைத் திறந்தது. வெளிநாட்டில் அமைந்த முதல் ஐ.ஐ.டி. அதுதான். இணையவழிப் பட்டப்படிப்பில் பெயர் வாங்கிய ஒரு நிறுவனம், ஆப்பிரிக்காவில் கட்டடத்தோடு போய் இறங்கியது கவனிக்க வேண்டிய செய்தி.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு உண்மையான திருப்பம் 2009-இல் வந்தது. அதுவரை கென்யா, தான்சானியா, உகாண்டா போன்ற நாடுகளின் வெளியுலக இணைப்பு பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. ஒரு பல்கலைக்கழகம் முழுவதும் பகிர்ந்துகொண்ட இணைய வேகம், இன்று ஒரு வீட்டு இணைப்புக்குக்கூட ஈடாகாது. அந்த ஆண்டு சீகாம், டீம்ஸ் என்ற இரண்டு கடலடி கேபிள்கள் கரையேறின. மறு ஆண்டு ஈஸி என்ற மூன்றாவது கேபிள் வந்தது. விலை இறங்கியது, வேகம் கூடியது. முதல் இரண்டு கேபிள்கள் வருவதற்கு இரண்டாண்டு முன்பே, 2007-இல், எம்-பெசா என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்றம் கென்யாவில் வந்துவிட்டிருந்தது. வங்கிக் கணக்கு இல்லாத குடும்பமும் படிப்புக் கட்டணத்தைக் கைப்பேசியிலிருந்தே சிறுகச் சிறுகக் கட்டலாம் என்றானது. தொலைநிலைக் கல்வி பற்றிய பேச்சில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாடம் வந்துசேரும் வழியைப் போலவே பணம் போய்ச்சேரும் வழியும் முக்கியம்.

2012 வாக்கில், அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் பாடங்களை உலகம் முழுமைக்கும் இலவசமாகத் திறந்துவிட்டன. ஆப்பிரிக்காவின் உயர்கல்விப் பிரச்சினை தீர்ந்தது என்றே அப்போது பலர் எழுதினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து தொடங்கிய எட்எக்ஸ் தளத்தின் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையின்படி, 2017–18-இல் பாடங்களில் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். அந்தப் பாடங்களால் அதிகம் பயனடைந்தவர்களும் வசதியான நாடுகளில் ஏற்கெனவே படித்தவர்களே. உலகின் சிறந்த பேராசிரியரின் உரை கையில் இருப்பது ஒன்று. அதைப் புரிந்துகொள்ளாமல் திணறும் இரவில் சந்தேகம் கேட்க ஒருவர் இருப்பது இன்னொன்று. முதலாவது இலவசமாகிவிட்டது. இரண்டாவதற்குத்தான் இன்றும் செலவாகிறது.

இந்த உண்மையை முதலில் பிடித்துக்கொண்டவற்றில் ஒன்று ருவாண்டாவின் கெப்ளர். 2013-இல் கிகாலி நகரில் ஐம்பது மாணவர்களுடன் தொடங்கிய இந்த முயற்சியில், பாடவுரைகள் இணையத்திலிருந்து வந்தன; விவாதமும் திருத்தமும் ஊக்கமும் வகுப்பறையில், உள்ளூர்ப் பயிற்றுநர்களிடமிருந்து கிடைத்தன. பட்டத்தை அமெரிக்காவின் சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் வழங்கியது. அந்தப் பட்டத்துக்குப் பருவக் கணக்கு கிடையாது. ஒவ்வொரு திறனையும் ஒரு செயல்திட்டத்தின் வழியே செய்து காட்ட வேண்டும். சரியாக வரும்வரை திருப்பித் திருப்பிச் செய்யலாம். 2015-இல் கிசிபா அகதிகள் முகாமிலும் இதே முறை தொடங்கப்பட்டது. கெப்ளர் பின்னர் ருவாண்டாவிலேயே அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக வளர்ந்தது.

செனகல் அரசு இதையே பெரிய அளவில் செய்து பார்த்தது. டாக்கர் நகரப் பல்கலைக்கழகத்தில் கூட்டம் தாங்க முடியாத நிலையில், 2013-இல் ஒரு மெய்நிகர் பல்கலைக்கழகத்தை உருவாக்கியது. சேரும் மாணவருக்கு மடிக்கணினியும் இணைய இணைப்பும் தருவது என்பது அதன் ஏற்பாடு. அதைவிட முக்கியமானது, நாட்டின் பல ஊர்களில் திறக்கப்பட்ட 'திறந்த எண்மக் கூடங்கள்'. கணினியும் மின்சாரமும் இணையமும் உதவிக்கு ஆட்களும் அங்கே உண்டு. சக மாணவர்களும் அங்கேதான் கூடுகிறார்கள். பட்டம் இணையத்தில்தான் என்றாலும் படிப்பு பெரும்பாலும் இந்தக் கூடங்களில் நடக்கிறது. இந்தப் பல்கலைக்கழகம் இப்போது எழுத்தாளர் ஷேக் ஹமிது கானின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பிரெஞ்சுப் பள்ளிக்குப் போகும் ஆப்பிரிக்கச் சிறுவன் எதைப் பெறுகிறான், எதை இழக்கிறான் என்று நாவல் எழுதியவரின் பெயரை இதற்கு வைத்தது பொருத்தம்தான்.

இதற்கு நேரெதிரான வழியும் உண்டு. 2009-இல் ஷை ரெஷெஃப் என்ற கல்வி முனைவோர் தொடங்கிய 'மக்களின் பல்கலைக்கழகம்' கட்டடத்தை மட்டுமன்றி வீடியோவையும் ஒதுக்கிவைத்தது. பாடமெல்லாம் எழுத்து வடிவில். மெதுவான இணைப்பிலும் திறக்கும். போதனைக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பீட்டுக் கட்டணம் மட்டும் உண்டு. ஆரம்பம் முதலே கணினி அறிவியல் அதன் முக்கியப் பட்டங்களில் ஒன்று. இதில் ஆப்பிரிக்க மாணவர்கள் திரளாகச் சேர்ந்திருக்கிறார்கள். வீடியோ வேண்டாம் என்ற முடிவு சிறியதாகத் தெரியலாம். மொபைல் டேட்டாவை எம்பி கணக்கில் எண்ணிச் செலவிடுபவருக்கு, படிப்பைத் தொடர்வதும் விடுவதும் அதில்தான் இருக்கிறது.

இணையவழிக் கல்வியில் கணினித் துறை முந்திக்கொண்டதற்குக் காரணம் எளிது. செவிலியர் படிப்புக்கு மருத்துவமனை வேண்டும், வேதியியலுக்கு ஆய்வகம் வேண்டும். நிரல் எழுதப் பழகுவதற்கு ஒரு மடிக்கணினி போதும். எழுதிய நிரல் ஓடுகிறதா இல்லையா என்பதை ஆசிரியர் வருவதற்கு முன் கணினியே சொல்லிவிடும். ஆய்வகத்தைக்கூட இணையத்தில் கொண்டுவர முடியுமா என்று எம்.ஐ.டி.யுடன் சேர்ந்து நைஜீரியாவின் ஒபஃபெமி அவொலொவோ, உகாண்டாவின் மக்கரரே, தான்சானியாவின் தார் எஸ் சலாம் ஆகிய பல்கலைக்கழகங்கள் முயன்று பார்த்தன. தொலைவில் இருக்கும் மின்னணுக் கருவியை மாணவர் தம் கணினியிலிருந்தே இயக்கி அளவெடுக்கும் ஏற்பாடு அது. மின்னணுவியலுக்கு அது பயன்பட்டது. மற்ற துறைகளுக்குப் பெரிதாகப் பரவவில்லை.

நிரல் பயிற்சியில் முதலில் உலகின் கண்ணில் பட்டது, 2014-இல் லாகோசில் தொடங்கிய ஆண்டெலா. விண்ணப்பித்தவர்களில் மிகச் சிலரையே தேர்ந்தெடுத்து, சம்பளம் கொடுத்துப் பயிற்றுவித்து, அமெரிக்க நிறுவனங்களுக்குத் தொலைவிலிருந்தே வேலை செய்ய வைத்தது. 2016-இல் மார்க் ஸக்கர்பெர்க் தம்பதியின் அமைப்பு முன்னின்று 2.4 கோடி டாலர் முதலீட்டைத் திரட்டித் தந்தது. 2019 செப்டம்பரில் நைஜீரியா, உகாண்டா, கென்யா ஆகிய நாடுகளில் சுமார் 400 இளநிலை நிரலாளர்களை அந்த நிறுவனம் வேலையிலிருந்து விடுவித்தது. வாடிக்கையாளர்கள் கேட்டது அனுபவசாலிகளை. பயிற்சி முடித்துப் புதிதாக வருபவர்களுக்குச் சந்தை இல்லை. பயிற்சித் திட்டங்களின் விளம்பரங்களில் இந்தக் கதை இடம்பெறுவதில்லை. ஆனால் இத்துறையில் நுழைய நினைக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

கானாவைச் சேர்ந்த ஃப்ரெட் ஸ்வானிகர், மொரீஷியசிலும் ருவாண்டாவிலும் ஆப்பிரிக்கத் தலைமைத்துவப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். வளாகம் கட்டிக்கொண்டே போனால் இலக்கை எட்ட முடியாது என்று கண்டு, ஏ.எல்.எக்ஸ். என்ற இணையவழிப் பயிற்சியில் அவர் இறங்கினார். மாஸ்டர்கார்டு அறக்கட்டளையின் உதவியோடு நடந்த அதன் மென்பொருள் பொறியியல் பயிற்சி ஓராண்டு நீண்டது. விரிவுரை குறைவு, வாரந்தோறும் செயல்திட்டம், ஒருவர் வேலையை இன்னொருவர் திருத்துவது. லாகோஸ், நைரோபி, அடிஸ் அபாபா, அக்ரா போன்ற நகரங்களில் மாணவர்கள் வந்து உட்கார்ந்து படிக்கக் கூடங்களையும் அது திறந்தது. இணையத்தையே நம்பித் தொடங்கிய திட்டம்கூட மின்சாரத்தோடு ஒரு மேசையைத் தர வேண்டியதாயிற்று.

அரசுகளும் பெரிய எண்களோடு வந்திருக்கின்றன. நைஜீரிய அரசு 2023-இல் 30 லட்சம் பேருக்குத் தொழில்நுட்பப் பயிற்சி என்று அறிவித்தது. முதல் சுற்றுக்கு லட்சக்கணக்கானோர் விண்ணப்பிக்க, 30 ஆயிரம் பேர் எடுக்கப்பட்டனர். இணையப் பாடத்தோடு உள்ளூர்ப் பயிற்சி மையங்களும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. எத்தியோப்பியா, ஐக்கிய அரபு அமீரகத்தின் துணையோடு, 50 லட்சம் பேருக்கு நிரல் பயிற்சி என்று 2024-இல் தொடங்கியது. இத்தகைய திட்டங்களில் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை உடனே வெளிவரும். வேலையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கைக்குக் காத்திருக்க வேண்டும்.

மின்சாரமும் டேட்டாவும்தான் அன்றாடத் தடைகள். சகாராவுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கோடி மக்களுக்கு இன்னும் மின்சாரம் இல்லை. ஆப்பிரிக்கா முழுவதும் இணையம் பயன்படுத்துவோர் 2023-இல் நூற்றுக்கு 37 பேர் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. கொரோனா காலத்தில் தென்னாப்பிரிக்க அரசு, நிதியுதவி பெறும் மாணவர்களுக்கு மாதம் 30 ஜிபி டேட்டா வழங்க ஏற்பாடு செய்தது. அதில் பகலுக்கு 10 ஜிபி, இரவுக்கு 20 ஜிபி. இரவில் நெட்வொர்க்கில் நெரிசல் குறைவு என்பதால் விலையும் குறைவு. ஆகவே பெரிய வீடியோக்களை நள்ளிரவுக்குமேல் இறக்கி வைத்துக்கொள்வதே பலருக்கு வழக்கமாயிற்று. நைஜீரியாவிலும் மலிவான இரவு டேட்டா திட்டங்களை நம்பிப் படிக்கும் மாணவர்கள் ஏராளம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் இணைப்பே அறுந்துபோகும் நாட்கள் உண்டு. 2024 மார்ச் 14-ஆம் தேதி ஐவரி கோஸ்ட் கடற்கரைக்கு அப்பால் நான்கு கடலடி கேபிள்கள் ஒரே நாளில் சேதமடைந்தன; கானா, நைஜீரியா, லைபீரியா எனப் பல நாடுகளில் இணையம் முடங்கியது. அது இயற்கையின் வேலை என்று கருதப்படுகிறது. அரசே செய்யும் வேலையும் இருக்கிறது. 2017 ஜனவரியில் கேமரூன் அரசு, ஆங்கிலம் பேசும் பகுதிகளில் இணையத்தைத் துண்டித்து 93 நாட்கள் அப்படியே வைத்திருந்தது. அந்தப் பகுதியின் பூயா நகரம், கேமரூன் மலையடிவாரத்தில் மென்பொருள் நிறுவனங்கள் முளைத்த இடம். 'சிலிக்கான் மலை' என்று பெயரெடுத்தது. அங்கிருந்த நிரலாளர்கள் எல்லைப்புறத்தில் சிக்னல் கிடைத்த பொனாகோ கிராமத்தில் ஓர் அறையைப் பிடித்து, 'இணைய அகதி முகாம்' என்று பெயரிட்டு, தினமும் பயணம் செய்து வேலை பார்த்தார்கள். அதே நாட்களில் கூகுளின் பள்ளி மாணவர் நிரல் போட்டியில் வென்ற முதல் ஆப்பிரிக்கர், துண்டிக்கப்பட்ட பமெண்டா நகரத்துப் பதினேழு வயதுப் பையன். போட்டியின் கடைசி நாள் முடிந்த மறுநாள்தான் அவன் ஊரில் இணையம் நின்றது.

பெண்களுக்கு இந்தத் தடைகள் ஒருபடி அதிகம். கைப்பேசியும் இணையமும் பெண்கள் கைக்கு எட்டுவதில் உள்ள இடைவெளி ஆப்பிரிக்காவில் பெரிது. வீட்டிலிருந்து படிக்கலாம் என்ற வசதியே வீட்டு வேலைக்கு நடுவே படி என்று மாறிவிடுவதும் உண்டு. நைரோபியில் 2010-இல் தொடங்கிய அகிராசிக்ஸ், இளம்பெண்களுக்கான நிரல் பயிற்சியைத் தங்குமிடத்தோடும் உணவோடும் சேர்த்துத் தருகிறது.

அகதி முகாம்களில் வேறொரு சிக்கல். கென்யாவின் ககுமா, மலாவியின் ஜலேகா முகாம்களில் இயேசு சபையினர் 2010 முதல் இணையவழிப் பட்டயப் படிப்பு நடத்தினார்கள். ஜலேகாவில் அகதிகளே ஒரு நிரல் பயிற்சிக் கூடத்தையும் தொடங்கினார்கள். படித்து முடித்தவர், முகாமைவிட்டு வெளியே வேலைக்குப் போக அந்த நாடுகளின் சட்டங்கள் எளிதில் இடம் தருவதில்லை. தொலைவிலிருந்து செய்யும் வேலையே அவருக்குத் திறந்திருக்கும் கதவு. ஆனால் கூலியை வாங்க ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்க அடையாள ஆவணம் வேண்டும்.

கடைசியாக, பட்டத்தின் மதிப்பு. நைஜீரியத் தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1983-இல் தொடங்கி, மறு ஆண்டே முகம்மது புகாரியின் ராணுவ ஆட்சியால் நிறுத்தப்பட்டது. 2001-இல் குடியரசுத் தலைவர் ஒபாசன்ஜோவின் ஆட்சியில் மீண்டும் உயிர்பெற்றது; பதவியிலிருந்து இறங்கிய ஒபாசன்ஜோ அதிலேயே மாணவராகச் சேர்ந்து இறையியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். ஆனால் அங்கே சட்டம் படித்தவர்களை, அஞ்சல்வழியில் படித்தவர்கள் என்று சொல்லி, வழக்கறிஞர் ஆவதற்குக் கட்டாயமான சட்டப் பயிற்சிப் பள்ளி ஏற்க மறுத்தது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிறகு, 2018-இல் பல்கலைக்கழகச் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தத்தில் கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர், 1984-இல் அதே பல்கலைக்கழகத்தை மூடிய புகாரி.

கென்யா இந்தப் பாடத்தைக் கவனித்ததாகத் தெரிகிறது. 2023 ஆகஸ்டில் கென்யத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முழு அங்கீகாரத்துக்கான சாசனத்தைப் பெற்றுவிட்டது. நைரோபிக்கு அருகே கோன்சா தொழில்நுட்ப நகரில் அமைந்த அது, தரவு அறிவியலையும் இணையப் பாதுகாப்பையும் முதல் பட்டங்களில் சேர்த்துக்கொண்டது. எல்லை தாண்டிய மதிப்புக்கு, 2014-இல் அடிஸ் அபாபாவில் திருத்தி ஏற்கப்பட்ட யுனெஸ்கோ உடன்படிக்கை 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கையெழுத்திட்ட ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றின் உயர்கல்வித் தகுதியை மற்றொன்று மதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பட்டம் பெற்றவருக்கு அது உதவும். ஓராண்டு நிரல் பயிற்சி முடித்துத் தனியார் சான்றிதழ் வைத்திருப்பவர், அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது, அதைக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு நாட்டின் தர ஆணையமும் பல்கலைக்கழகமும் தனித்தனியாகவே முடிவுசெய்கின்றன.